'நைலான் கயிறு': வசந்த் எங்கே?

கணேஷும் வசந்தும் அறிமுகமான நாவல் எது என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் 'நைலான் கயிறு' என்று எழுதிவிடுகிறோம். பாதிதான் சரி.

சுஜாதாவின் முதல் நாவல் இது. 1968-இல் குமுதத்தில் தொடராக வந்தது. போன வாரம் ஜெலுத்தோங்கில் வீட்டு அலமாரியைத் துடைக்கும்போது கையில் பட்டது, அங்கேயே உட்கார்ந்து மறுபடி படித்தேன். பம்பாயில் கிருஷ்ணன் என்பவன் நைலான் கயிற்றால் கொல்லப்படுகிறான். போலீஸ் விசாரணை நீளுகிறது. நடுநடுவே சுனந்தா என்ற பெண்ணின் டைரி. நானும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வசந்தைத் தேடுறேன், ஆளையே காணோம்! கணேஷ்கூட இங்கே கதாநாயகன் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாட வருகிற வக்கீல், அவ்வளவுதான். வசந்த் வந்து சேர்வது சில ஆண்டுகள் கழித்து, 'ப்ரியா'வில். (1978-இல் ரஜினி கணேஷாக நடித்து, சிங்கப்பூரில் படமாக்கினார்களே, அந்தக் கதைதான்.)

1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே ஹோம்ஸும் வாட்சனும் சந்தித்துவிடுகிறார்கள். 'நைலான் கயி'ற்றில் அப்படி எந்த ஏற்பாடும் தெரியவில்லை. தொடரின் முதல் நாவல் என்ற பெயரை இதற்குத் தந்தது பின்னால் வந்த கதைகள். 1968-இல் வாராவாரம் படித்தவருக்கு இது தனிக்கதை. கணேஷ் திரும்பி வருவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாணவர்களே, தேர்வில் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்: கணேஷுக்கு 'நைலான் கயிறு', வசந்துக்கு 'ப்ரியா'. ஆசிரியர்களே, வகுப்பில் கணேஷ் வரும் நீதிமன்றப் பகுதியை மட்டும் கொடுத்து, இவன் மறுபடி வருவானா என்று கேட்டுப் பாருங்கள்.