அழாத அக்கா

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்து வாசகர்களிடையே கண்ணீருக்குப் பெரிய மவுசு இருந்தது. ஹென்றி மெக்கன்சியின் ‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’ (1771) நாயகன் எதற்கெடுத்தாலும் கண்கலங்குவான். அதைப் படித்துக் கலங்காதவருக்கு மனமே இல்லை என்று பேசிக்கொண்ட காலம். இந்த மோகத்துக்கு எதிர்ப்பும் கிளம்பியது. உணர்ச்சியில் திளைக்கப் பழக்குவது பெண்களைப் பலவீனமாக்குகிறது என்று 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் சாடினார். 1796இல் ஜேன் வெஸ்ட் எழுதிய ‘எ காசிப்ஸ் ஸ்டோரி’யில் இரண்டு சகோதரிகள். நிதானமான லூயிசா நன்றாக வாழ்கிறாள். கனவிலேயே மிதக்கும் மரியானின் மணவாழ்க்கை கசந்துபோகிறது. நீதி சொல்ல வசதியான அச்சு.

ஜேன் ஆஸ்டின் கையில் எடுத்ததும் இந்த அச்சைத்தான். ‘எலினார் அண்ட் மரியான்’ என்று முதலில் எழுதிய கதையை 1797 நவம்பரில் மாற்றி எழுதத் தொடங்கினார். 1811இல் அது ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யாக மூன்று தொகுதிகளில் வந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

ஆனால் ஆஸ்டின் கதையை ஆரம்பிப்பது சொத்துக் கணக்கில். தந்தை இறந்ததும் நார்லண்ட் பண்ணை மூத்த தாரத்து மகனுக்குப் போகிறது. தங்கைகளுக்கு 3,000 பவுண்டு தரலாம் என்று அவன் நினைக்கிறான். மனைவி ஃபானி பேசிப் பேசியே அதைக் குறைக்கிறாள். கடைசியில் வீடு மாற ஒத்தாசையும் அவ்வப்போது கொஞ்சம் மீனும் போதும் என்றாகிவிடுகிறது. ஆங்கில நாவல்களில் கஞ்சத்தனத்தை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கக் காட்டிய அத்தியாயம் அபூர்வம். தாயும் மூன்று பெண்களும் ஆண்டுக்கு 500 பவுண்டில் டெவன்ஷயரில் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபோகிறார்கள்.

வரவு செலவைப் பார்ப்பவள் 19 வயது எலினார். காதலன் வில்லோபி பிரிந்துபோனதும் தங்கை மரியான் தூங்காமல் அழுகிறாள். தாயும் சேர்ந்து கலங்குகிறாள். அக்காவுக்கு அழ நேரமில்லை. எலினார் விரும்பும் எட்வர்டுக்கும் தனக்கும் ரகசிய நிச்சயம் ஆகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று லூசி ஸ்டீல் அவளிடமே வந்து சொல்கிறாள். வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்த எலினார் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. விஷயம் அம்பலமான அன்றும் அழுதவள் மரியான், தேற்றியவள் எலினார்! எட்வர்டுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்று தெரிந்த நாளில் அறையைவிட்டு ஓடி, கதவுக்கு வெளியே தேம்பி அழுகிறாள். நிதானமானவளுக்கு உணர்ச்சி குறைவு என்ற பழைய அச்சு அங்கே உடைந்துபோகிறது.

அத்தகைய ஓர் அக்கா ஆஸ்டின் வீட்டிலும் இருந்தார். கசாண்ட்ராவுக்கு நிச்சயமாகியிருந்த டாம் ஃபௌல், 1797இல் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கசாண்ட்ரா அதைத் திடமாகத் தாங்கிக்கொண்டதாக உறவினர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் பிறகு மணம் செய்துகொள்ளவே இல்லை.

மரியானுக்குத்தான் ஆஸ்டின் நியாயம் செய்யவில்லை. காய்ச்சலில் சாகக் கிடந்து எழுந்தவளை, 19 வயதில், ஏறத்தாழ இரு மடங்கு வயதான கர்னல் பிராண்டனுக்குக் கட்டிவைக்கிறார். அவள் மனம் மாறியதைச் சில பத்திகளில் முடித்துவிடுகிறார். இதே கதையைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்த ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000), மம்மூட்டி நடித்த மேஜருக்குப் போதிய இடம் கொடுத்ததால், அந்தக் காதலை நாவலைவிட நம்பும்படி சொன்னது.