காய்ச்சல் துணியில் ஒரு ரோமானியப் பெயர்

உங்களில் சிலருக்கு இது நடுச்சாமம், சிலருக்கு விடியற்காலை. விழித்திருந்து கேட்பதற்கு நன்றி. நான் வரலாறு படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமோ முடித்து, இன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் வேலை பார்க்கிறவள். பழைய நகரப் பெயர்களுக்குள் இருக்கும் கிரேக்கம், லத்தீன் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வாழும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுவயதில் நாகர்கோவிலில் எனக்குக் காய்ச்சல் வந்தால், அம்மா யூடிகொலோனைத் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்து நெற்றியில் போடுவார். அது ஏதோ மருந்தின் பெயர் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிரெஞ்சில் அதற்குக் 'கொலோன் தண்ணீர்' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து இங்கே குடிவந்த யோகான் மரியா ஃபரினா, தான் கலந்த வாசனைத் தண்ணீருக்கு வாழவந்த ஊரின் பெயரை வைத்தார்.

அந்த ஊர்ப் பெயரே குடியேறியவர்களின் பெயர்தான். லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் நிலத்தை உழுகிறவன். படையிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் 'கொலோனியா'. நம்மூர் 'காலனி' இதே சொல்தான். நம்மிடம் வந்து சேர்ந்தபின், ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் இடம் என்ற சாதிக் கறையும் அதில் ஏறிவிட்டது. இங்கே அது ஒரு மாநகரத்தின் பெயர், அவ்வளவுதான்.

முழுப்பெயர் நீளமானது: கொலோனியா கிளாவ்தியா ஆரா அக்ரிப்பினென்சியம். 'ஆரா' என்றால் பலிபீடம். 'கிளாவ்தியா' என்பது கிளாவ்தியு பேரரசரைக் குறிக்கும். யூதர்களை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோமே, அதே கிலவுதியு ராயன். கடைசிச் சொல், அக்ரிப்பினாவின் மக்கள்.

கி.பி. 15ல் அக்ரிப்பினா பிறந்தது இந்த ஊரில்தான். அப்போது இது உபியர் என்ற ஜெர்மானியக் குடியின் ஊர். அவர்களை ரைன் நதியின் இக்கரைக்குக் கொண்டுவந்தவர் தளபதி அக்ரிப்பா. அவருடைய மகள் வயிற்றுப் பேத்திதான் அக்ரிப்பினா. 49ல் தன் சொந்தச் சித்தப்பாவான கிளாவ்தியுவை மணந்தாள். மறு ஆண்டே, பிறந்த ஊருக்குக் கொலோனியா தகுதியை வாங்கிக் கொடுத்தாள். தன் செல்வாக்கைக் காட்டத்தான் இதைச் செய்தாள் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். இருக்கலாம். ஆண்கள் எத்தனையோ பேர் தங்கள் பெயரில் ஊர் கட்டினார்கள், அவர்களை யாரும் இவ்வளவு உறுத்தலாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உபியர்களும் பிற்பாடு தங்களை அக்ரிப்பினாவின் மக்கள் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்கள். இதைச் சொல்வதும் அதே டாசிட்டஸ்தான்.

59ல் அவளைக் கொன்றது அவள் மகன் நீரோவின் ஆட்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தெசலோனிக்கே ஞாபகம் வந்தது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் நிருபம் வாசித்திருக்கிறேன், அது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரியாமலே. மாசிடோனிய அரசர் இரண்டாம் பிலிப்பின் மகள் அவள், மகா அலெக்சாந்தருக்கு வேறு தாய் வயிற்றுச் சகோதரி. பெயரின் பொருள் 'தெசாலியில் வெற்றி'. தகப்பன் ஜெயித்த போருக்காக மகளுக்கு வைத்த பெயர். கி.மு. 315 வாக்கில் அவள் கணவன் கசாண்டர் தான் கட்டிய நகரத்துக்கு அதையே வைத்தான். அவளையும் கொன்றது பெற்ற மகன்தான், அந்திப்பாத்தர் என்று பெயர்.

நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அந்த நிசேயாவும் ஒரு மனைவியின் பெயர். லிசிமாக்கஸ் வைத்தது. துருக்கியில் இன்று அது இஸ்னிக். 'நிக்காயாவுக்கு' என்ற கிரேக்கச் சொற்றொடர் ஒட்டித் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தின் லவோதிக்கேயா, இரண்டாம் அந்தியோகஸின் மனைவி லவோதிக்கே. எகிப்திய இளவரசியை மணப்பதற்காக அவளை ஒதுக்கி வைத்தான் அவன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றவில்லை.

இந்த நாலு பேரில், தன் ஊருக்குத் தானே கேட்டு வாங்கியவள் அக்ரிப்பினா ஒருத்திதான். மற்ற மூவரின் பெயரும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவளுடையது உதிர்ந்துவிட்டது. கொலோனியா மட்டும் மிஞ்சி, அதுவும் 'கோல்ன்' ஆகி, உள்ளூர்க்காரர் வாயில் 'கோலே' ஆகிவிட்டது. அவளுக்கு முன்னால் உபியர்கள் இந்த ஊரை எப்படி அழைத்தார்களோ, அந்தச் சொல்லும் போனது.

ஜெர்மன் எழுத்தில் என் முழுப்பெயர் பத்தொன்பது எழுத்து. வேலையில் சேர்ந்தபோது பெயர்ப்பட்டையில் இடம் போதாது என்று முதல் நான்கை மட்டும் அடித்துக் கொடுத்தார்கள். வயதான நோயாளிகளுக்கு அதுவும் வேண்டாம், 'ஷ்வெஸ்டர்' போதும். ரோமானிய வடக்கு வாசலின் வளைவை இங்குள்ள அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அதில் முழுப்பெயரின் முதலெழுத்துகள் மட்டும் வெட்டியிருக்கும்: சி, சி, ஏ, ஏ. கடைசி 'ஏ'தான் அக்ரிப்பினா.

போன குளிர்காலத்தில், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாட்டிக்கு இரவில் காய்ச்சல். ஈரத்துணி போட்டுக்கொண்டே, எங்கள் வீட்டில் இதற்கு உங்கள் ஊர்த் தண்ணீர்தான் என்றேன். இந்தியாவிலா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "உன் முழுப்பெயர் என்ன, ஷ்வெஸ்டர்?" என்றார். மெதுவாகச் சொன்னேன். மூன்றாவது தடவையில் சரியாகச் சொல்லிவிட்டார்.