ஒன்றரை ரூபாய் வரியும் எங்க கரிசல் காடும்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் ஏன் வந்துச்சுன்னு கேட்டா, எல்லாரும் ரெண்டு காரணம் சொல்லுவாங்க. மழை இல்லாத வறண்ட பூமி, மருந்து சீக்கிரம் காயும். வேலைக்கு ஏங்கி நிக்கிற சனம். ரெண்டும் உண்மைதான். ஆனா முதுகுளத்தூர்ப் பக்கமும் வானம் பார்த்த பூமிதான், அங்கேயும் சனம் இருக்கு. அங்க ஏன் வரலை? மூணாவதா ஒரு காரணம் இருக்கு. அது துறைமுகத்தில் போட்ட ஒரு வரி.

நூறு வருசத்துக்கு முந்தி நம்ம நாட்டில் எரிஞ்ச தீக்குச்சியில் பெரும்பகுதி கப்பல்ல வந்தது. ஸ்வீடனில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் வரும். முதல் உலகப் போர் நேரத்தில் ஐரோப்பிய சரக்கு குறைஞ்சு போய், ஜப்பான் தீப்பெட்டி சந்தையைப் பிடிச்சுக்கிட்டது. போர் முடிஞ்சதும் வெள்ளைக்கார சர்க்காருக்குப் பணமுடை. 1922ல், இறக்குமதியாகிற தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு 12 அணாவா இருந்த வரியை ஒன்றரை ரூபாய் ஆக்கினாங்க. ஒரு குரோஸ்ன்னா 144 பெட்டி. இந்தியத் தொழிலை வளர்க்கணும்னு அவங்க நினைக்கலை. கஜானா நிரம்பணும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துலதான் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனாங்க. தீக்குச்சி செய்யக் கத்துக்கிட்டு வந்து, ஜெர்மன் மிஷினை இறக்கித் தொழில் ஆரம்பிச்சாங்க. மிஷின் கட்டுபடியாகலை. கையாலேயே குச்சி அடுக்கி, கையாலேயே பெட்டி ஒட்டுற முறைக்கு வந்தாங்க. சீமைச் சரக்குக்கு ஒன்றரை ரூபாய் சுமை இல்லைன்னா, இந்தக் கைத்தொழில் ஒரு வருசம் தாக்குப் பிடிச்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

இங்கதான் கதை திரும்புது. வரிச்சுவர் எழும்பினதைச் சிவகாசிக்காரங்க மட்டுமா பார்த்தாங்க? ஸ்வீடன்காரங்களும் பார்த்தாங்க. ஈவார் க்ரூகர்னு ஒருத்தர், ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனியின் முதலாளி. உலகத் தீக்குச்சி உற்பத்தியில் பாதிக்கு மேல அவர் கைக்குள்ள இருந்த காலம் உண்டு. பணமுடையில் இருந்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோக உரிமையை வாங்குறது அவர் பாணி. ஜெர்மனிக்கே 1929ல் 12.5 கோடி டாலர் கடன் பேசினவர். அப்படிப்பட்ட கம்பெனி வரியைக் கட்டிக்கிட்டு வெளியில நிக்குமா? சுவரைத் தாண்டி உள்ளேயே வந்து உக்காந்துக்கிட்டது. 1923ல் விம்கோ தொடங்கினாங்க. பம்பாய் பக்கம் அம்பர்நாத், சென்னைப் பக்கம் திருவொற்றியூர்னு ஆலை வந்தது. 1928ல் அந்த வரியைப் பாதுகாப்பு வரின்னு சட்டமாவே ஆக்கினாங்க. பாதுகாப்பு கிடைச்சது சிவகாசிக்கு மட்டுமில்ல, விம்கோவுக்கும்தான். க்ரூகர் 1932ல் கடன் சிக்கலில் மாட்டி பாரிஸில் துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்சு செத்துப்போனார். விம்கோ சாகலை.

அப்போ கைத்தீப்பெட்டி எப்படிப் பிழைச்சது? 1934ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. நாளாவட்டத்துல, சுதந்திரத்துக்குப் பிறகு குறிப்பா, மிஷின்ல செய்றவனுக்குக் கூடுதல், கையால செய்ற சின்ன ஆளுக்குக் குறைவுன்னு படி வச்சாங்க. வெளிச்சுவரைவிட உள்ளே வச்ச இந்தப் படிதான் சாத்தூர், கோவில்பட்டி, ஏழாயிரம்பண்ணை வரைக்கும் தீப்பெட்டி ஆபீசைக் கொண்டுவந்து சேர்த்தது. பட்டாசுக்கும் இதே மாதிரி ஒரு வாசல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்னு போச்சு, அந்த இடத்தைச் சிவகாசி பிடிச்சது.

ஆனா அந்தப் படிக்கு ஒரு விலை இருந்தது. குறைஞ்ச வரியில நிக்கணும்னா ஆபீஸ் சின்னதா இருக்கணும். அதனால ஒரே முதலாளி ஆபீசைத் துண்டு துண்டாப் பிரிச்சார். பெட்டி ஒட்டுற வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்துச்சு. வீட்டுக்கு வந்த வேலை பிள்ளைங்க கைக்கும் போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பிள்ளைங்களை விடியுமுன்ன பஸ் வந்து ஏத்திட்டுப் போன காலம் உண்டு. 1996ல் சுப்ரீம் கோர்ட் சிவகாசிப் பிள்ளைங்க வழக்கில் தீர்ப்பு சொல்லுச்சு.

இப்போ அந்தப் படியும் இல்லை. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தப்போ கைத்தீப்பெட்டிக்கு 5, மிஷின் தீப்பெட்டிக்கு 18 சதவீதம்னு வித்தியாசம் இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கிட்டாங்க. அதுக்குள்ள சீனத்து பிளாஸ்டிக் லைட்டர் வந்து பெட்டிக்கடையில தொங்க ஆரம்பிச்சிருச்சு. தீப்பெட்டிக்காரங்க முறையிட்டு முறையிட்டு, 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைஞ்ச லைட்டரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. நூறு வருசம் கழிச்சும் அதே துறைமுகம், அதே சுவர்.

நான் ஒரு சம்சாரி. எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. தீப்பெட்டிக்குச் சுவர் கட்டினவங்க எங்க வெள்ளாமைக்குக் கட்டலை. உளுந்துக்கும் துவரைக்கும் 2021 மே மாசத்தில் இறக்குமதிக் கதவைத் தாராளமாத் திறந்து விட்டாங்க. விருதுநகர் மார்க்கெட்டில் பர்மா உளுந்து இறங்கினா, எங்க மானாவாரி உளுந்துக்கு வியாபாரி சொல்றதுதான் விலை. பட்டணத்தில் நீங்க இட்லிக்குக் குறைஞ்ச விலையில உளுந்து வாங்கணும்ங்கிறதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனா அந்த விலை இங்க என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. புஞ்சை கைகொடுக்கலைன்னா, சம்சாரி வீட்டுப் பொம்பளைங்க காலையில தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டுப் பட்டாசு ஆபீஸ் வேனுக்கு நிக்கிறாங்க.

2021 பிப்ரவரி 12ஆம் தேதி எங்க அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடிச்சு இருபது பேருக்கு மேல செத்தாங்க. பேப்பர்ல விதிமீறல், உரசல், மருந்துக் கலவைன்னு காரணம் வந்தது. அதெல்லாம் சரி. அவங்க ஏன் அந்த அறைக்குள்ள இருந்தாங்கன்னு யாரும் எழுதலை. உலக வர்த்தகம்னு டிவியில கோட்டு போட்டவங்க பேசுறப்போ அது எங்கேயோ நடக்குறதாத்தான் தோணும். எந்தச் சரக்குக்குச் சுவர், எந்தச் சரக்குக்குக் கதவுன்னு டெல்லியில முடிவாகுறப்போ, எங்க ஊர்ல யார் காட்டுக்குப் போறது, யார் மருந்து அறைக்குப் போறதுன்னும் சேர்ந்தே முடிவாகிருது. வரி எவ்வளவுன்னு பேசுறவங்க இந்தக் கணக்கையும் பக்கத்துல எழுதி வச்சுக்கணும்.