திறந்த பொருளாதாரமும் இலங்கைப் பெண்களின் வேலைவாய்ப்பும்

இலங்கையில் 1977 இல் பதவியேற்ற ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, அந்நிய முதலீட்டுக்கு வழிவிட்டது. திறந்த பொருளாதாரக் கொள்கை எனப்படும் இம்மாற்றம் பெண்களின் உழைப்பை ஏற்றுமதி வருவாயின் முதுகெலும்பாக்கியது.

இழந்த தொழில்
முதல் அடி கைத்தறிக்கு விழுந்தது. இறக்குமதித் துணி மலிவாக வந்து குவிந்ததும் கிராமப்புறத் தறிக்கூடங்கள் பல மூடப்பட்டன. அவற்றில் நெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வர்த்தக வலயங்கள்
1978 இல் கட்டுநாயக்கவில் முதல் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. பியகம, கொக்கல வலயங்கள் பின்னர் வந்தன. 1992 இல் பிரேமதாச அரசு தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வலயங்களில் நடந்த ஆடை தைக்கும் வேலையைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. தையல் வரிசையில் ஒருத்தி நாள் முழுதும் காலர் மட்டுமே தைப்பாள், அடுத்தவள் கை மட்டும். மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு உண்டு. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேலாளர் பதவிகளில் ஆண்களே மிகுதி. வெளியூர்ப் பெண்கள் வலயத்தை ஒட்டிய நெரிசலான வாடகை அறைகளில் தங்கினர். பலர் சில ஆண்டுகள் உழைத்து, சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெற்றுக்கொண்டு, திருமணத்தோடு வேலையை விட்டனர். அதனால் அனுபவம் பதவி உயர்வாக மாறவில்லை.

வெளிநாட்டு வேலை
மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றோர் அனுப்பிய பணம் நாட்டின் முக்கிய அந்நியச் செலாவணி வருவாயானது. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு எட்டாத நிலையே நீடித்தது.

தொழிலாளர் எதிர்ப்பு
வலயங்களில் தொழிற்சங்கம் அமைப்பது நெடுங்காலம் கடினமாக இருந்தது. 2011 மே மாதம், தனியார்துறை ஓய்வூதிய மசோதா தங்கள் சேமிப்பைப் பறிக்கும் என அஞ்சி, கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இளம் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். மசோதா கைவிடப்பட்டது.

மதிப்பீடு
சொந்தச் சம்பளம் பல இளம்பெண்களுக்குக் குடும்ப முடிவுகளில் குரல் தந்தது. இதை மறுக்க முடியாது. ஆயினும், சந்தை திறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பெண்களின் தொழிற்படைப் பங்கேற்பு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. குழந்தைப் பராமரிப்பும் பாதுகாப்பான போக்குவரத்தும் சங்க உரிமையும் இல்லாத சீர்திருத்தம் பெண்களுக்கு வேலையைத் தரும். அதில் நிலைக்கவும் உயரவும் வழி தராது.