90 நாள் கணக்கு

2005 நவம்பர் 22-ஆம் தேதி அமெரிக்கக் கடைகளுக்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் செட் வந்தது. ஹார்ட் டிஸ்க் வைத்த செட்டின் விலை 399 டாலர். வாரண்டி 90 நாள். கிறிஸ்துமஸ் பரிசாகப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், மார்ச் கடைசியில் கம்பெனியின் பொறுப்பு முடிந்தது. அதே விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினால் ஒரு வருடமாவது கிடைக்கும்.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு, சால்டரிங் அயனோடு உட்கார்ந்திருப்பவன் நான். ரேடியோ, பிளாக் அண்ட் ஒயிட் டிவி, டெக், வீடியோ கேம் என்று காலத்துக்குத் தகுந்தபடி மேஜைமேல் இருக்கும் சாமான் மாறியிருக்கிறது. கேம் செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: "இவ்வளவு காசு கொடுத்து வாங்கறோம், ஏன் சார் வாரண்டி இவ்வளவு கம்மியா கொடுக்கறான்? சீக்கிரம் போயிடும்னு அவனுக்கே தெரியுமா?"

வாரண்டி அட்டையைப் பார்த்து ஒரு செட்டின் ஆயுளைக் கணிக்க முடியாது. 90 நாள் அட்டையோடு வந்த பழைய செட்டுகள் முப்பது வருடம் கழித்தும் ஓடுகின்றன. அந்த அட்டையில் இருப்பது கம்பெனியின் கணக்கு. அதைத் திருத்த வைக்கும் பலம் சட்டத்துக்கும் ஊர்வாய்க்கும்தான் இருந்திருக்கிறது. இந்தத் தொழிலின் ஐம்பது வருடக் கதை அதற்குச் சாட்சி.

அமெரிக்காவில் 1975 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. செனட்டர் வாரன் மேக்னசன், ஜான் மாஸ் இருவர் பெயரையும் சேர்த்து மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் என்பார்கள். வாரண்டி எழுதிக் கொடுக்கிறவர் எளிய மொழியில் எழுத வேண்டும், அது முழு வாரண்டியா வரம்புக்குட்பட்டதா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்றது அந்தச் சட்டம். வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்றோ, குறைந்தது இத்தனை மாதம் என்றோ அது சொல்லவில்லை. கால அளவைக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, 1977-ல், அட்டாரியின் வீடியோ கேம் செட் வந்தது. அதன் கேசட்டுகளுக்கு அட்டாரி கொடுத்த வரம்புக்குட்பட்ட வாரண்டி 90 நாள். பின்னால் வந்த நின்டெண்டோவும் தன் கேசட்டுகளுக்கு அதே 90 நாளைத்தான் போட்டது. இவை பொம்மைக் கடையிலும் பெரிய பல்பொருள் அங்காடியிலும் விற்ற சரக்கு. தீபாவளிக்குப் பட்டாசுபோல, கிறிஸ்துமஸை நம்பி நடக்கும் வியாபாரம். பண்டிகைக்கு விற்றது பழுதாகித் திரும்பி வந்தால் பிப்ரவரி, மார்ச்சுக்குள் வந்துவிடும். அதோடு அந்த வருடத்துக் கணக்கை மூடிவிடலாம். 90 நாள் இந்தத் தொழிலுக்கு வசதியாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. விற்காத கேசட்டுகளால் கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள், 1985-ல் நின்டெண்டோ நியூயார்க்குக்கு வந்தபோது வாசலிலேயே நிறுத்தினார்கள். நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரக்காவாவின் ஆட்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள்: சரக்கை நாங்களே கொண்டுவந்து அடுக்குகிறோம், 90 நாள் பணம் தர வேண்டாம், விற்காததைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரருக்கும் அதே 90 நாள்தான்.

அதே கம்பெனி வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1983 ஜூலையில் ஜப்பானில் இறங்கிய ஃபேமிகாமின் முதல் செட்டுகளில் ஒரு சிப் கோளாறு. விளையாட்டு நடுவில் உறைந்து நின்றது. தலைவர் ஹிரோஷி யமாவுச்சி, விற்ற செட்டுகளைத் திரும்பப் பெற்று போர்டையே மாற்றிக் கொடுக்கச் சொன்னார். அட்டையில் இருந்த தேதியை அவர் பார்க்கவில்லை. பெயர் கெட்டால் தொழிலே போய்விடும் என்ற பயம் அவரை நகர்த்தியது.

இனி காசுக் கணக்கு. ஃபிரிட்ஜ் விற்கிறவருக்கு ஃபிரிட்ஜில் லாபம் உண்டு. அதில் ஒரு பங்கை எடுத்து ரிப்பேருக்கு ஒதுக்கலாம். கேம் செட் விற்கிறவருக்குப் பெரும்பாலும் அது கிடையாது. எக்ஸ்பாக்ஸ் 360-ஐப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், அதோடு வரும் சாமான் எல்லாம் சேர்த்து அடக்கவிலை சுமார் 525 டாலர் என்று மதிப்பிட்டது. விற்றது 399-க்கு. அடுத்த வருடம் சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, 599 டாலர் செட்டுக்கு 840 டாலர் அடக்கம் என்று அதே நிறுவனம் கணக்குச் சொன்னது. 2021-ல் எபிக் கேம்ஸ் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், செட் விற்பனையில் கம்பெனிக்கு லாபமே கிடையாது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். லாபம் கேம்களிலும், ஒவ்வொரு கேமுக்கும் மற்ற கம்பெனிகள் கட்டும் ராயல்டியிலும், மாதச் சந்தாவிலும் வருகிறது. விற்கும்போதே நூறு டாலர் நஷ்டம் என்னும்போது, இரண்டாம் வருடத்து ரிப்பேர்ச் செலவையும் தலையில் ஏற்றிக்கொள்ள யார் முன்வருவார்?

வாரண்டி என்பது கம்பெனிக்குக் கடன். செட் விற்ற அன்றே, இத்தனை திரும்பி வரும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு ஆகும் என்று கணித்துப் பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அட்டையில் மாதங்கள் கூடக்கூட ஒதுக்கும் தொகையும் கூடும்.

பழுதுகள் எப்போது வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எலக்ட்ரானிக் சாமானில் பிறவிக் கோளாறு முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும். சரியாக ஒட்டாத சால்டர், அரைகுறையாகச் செருகிய கேபிள், மோசமான கெப்பாசிட்டர் எல்லாம் இந்தச் சாதி. அதைத் தாண்டினால் கொஞ்ச காலம் அமைதி. பிறகு தேய்மானம் தொடங்கும்: ஃபேன் சத்தம் போடும், லேசர் லென்ஸ் மங்கும், பட்டன் ரப்பர் கிழியும். இந்தக் கோட்டை வரைந்தால் குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு மாதிரி வரும் என்று பொறியாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். குறுகிய வாரண்டி தொட்டியின் முதல் சுவரை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. அடுத்த சுவர் நம் பாடு.

பயன்பாடும் ஒரு காரணம். ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுவார்கள். இங்கே மணிக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கேமிங் சென்டர்களில் காலை பத்து மணிக்குப் போட்ட செட் ராத்திரிதான் அணையும். அங்கிருந்து ரிப்பேருக்கு வந்ததைத் திறந்தால் ஹீட் சிங்க் தெரியாத அளவு தூசி. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த செட்டின் 110 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிப் புகைய விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்தச் செட் எந்தக் கையில் போய்ச் சேரும் என்று கம்பெனிக்குத் தெரியாது. எல்லோருக்கும் சேர்த்துக் குறைவாகக் கொடுப்பது அதற்குப் பாதுகாப்பு.

இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது எக்ஸ்பாக்ஸ் 360-ஏ. பவர் பட்டனைச் சுற்றிய வளையத்தில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் செட் போச்சு. ஆட்டக்காரர்கள் அதை மரண வளையம் என்றார்கள். போர்டைச் சூடாக்கினால் உயிர் வருகிறது என்று கேள்விப்பட்டுச் செட்டைத் துண்டால் போர்த்தி ஓடவிட்டவர்கள் உண்டு. உலகம் முழுக்க ரிப்பேர்க்காரர்கள் ஹீட் சிங்க்கின் பிடியைக் கழற்றி போல்ட்டும் வாஷரும் போட்டார்கள். ஹாட் ஏர் காட்டினார்கள். சில வாரம் ஓடும், மறுபடி சிவப்பு. ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து ஈயத்துக்குத் தடை என்பதால் தொழில் முழுக்க ஈயமில்லாத சால்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். புதியதற்கு 217-க்கு மேல் வேண்டும், விறைப்பும் அதிகம். பலரும் அதன்மேல் பழியைப் போட்டார்கள். 2021-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணப்படத்தில் அதன் பொறியாளர் டாட் ஹோம்டால் காரணத்தைச் சொன்னார்: ஆடும்போது சூடேறி, அணைத்தால் குளிர்ந்து, இப்படி விரிந்து சுருங்கி சிப்புக்கு உள்ளேயே இணைப்புகள் விட்டுப்போயின. வெளியிலிருந்து சூடு காட்டியது நிலைக்காததற்கு அதுதான் காரணம்.

இந்தப் பழுது நாள்பட வளர்வது. நூற்றுக்கணக்கான முறை போட்டு அணைத்த பிறகு வருவது. எனவே நிறையப் பேருக்கு அது 90 நாளைத் தாண்டித்தான் வந்தது. போன் செய்தால், சரிசெய்ய நூற்றுச் சொச்சம் டாலர் கேட்டார்கள். கூச்சல் எழுந்தது. 2006 நவம்பரில் போட்டிச் செட்டான பிளேஸ்டேஷன் 3 ஒரு வருட வாரண்டியோடு வந்தது. டிசம்பரில் மைக்ரோசாஃப்டும் 90 நாளை ஒரு வருடமாக்கி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. கூச்சல் அடங்கவில்லை. 2007 ஜூலை 5-ஆம் தேதி, மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்கு மட்டும் வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் என்று அறிவித்தது. முன்பு காசு கட்டி ரிப்பேர் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. இதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதுவரை கடைகளுக்கு அனுப்பியிருந்தது சுமார் 1 கோடியே 16 லட்சம் செட். வகுத்துப் பார்த்தால் ஒரு செட்டுக்குக் கிட்டத்தட்ட 90 டாலர்.

அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவில் பொறுப்பிலிருந்த பீட்டர் மூர் பின்னாளில் சொன்னபடி, தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரிடம் தொகையைச் சொன்னதும் அவர் தயங்காமல் சரி என்றார். அதில் 24 கோடி டாலர் கூரியர் செலவு மட்டும். பழுதான செட்டை அனுப்பக் கம்பெனியிலிருந்து வரும் காலிப் பெட்டியை ஆட்டக்காரர்கள் சவப்பெட்டி என்று கூப்பிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். 2005-ல் விற்ற அதே போர்டு, அதே சிப். தரத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அந்தப் பழுதுக்கான வாரண்டி 90 நாளிலிருந்து மூன்று வருடமானது.

குறுகிய வாரண்டியால் பிழைத்தவர்களும் உண்டு. கேம் செட்டில் கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். அவருடைய சம்பாத்தியம் பில் போடும்போது கேட்கும் கேள்வியில் இருந்தது: கூடுதலாக இரண்டு வருட வாரண்டி போட்டுக்கொள்கிறீர்களா? 2004-ல் பிசினஸ்வீக் இதழ், சர்க்யூட் சிட்டி என்ற பெரிய அமெரிக்கக் கடைத்தொடரின் லாபம் ஏறக்குறைய முழுக்க இந்தக் கூடுதல் வாரண்டி விற்பனையிலிருந்து வருவதாக ஆய்வாளர்களை மேற்கோள் காட்டி எழுதியது. கம்பெனி மூன்று வருடம் கொடுத்துவிட்டால் கடையில் விற்க என்ன இருக்கும்?

சட்டம் பேசும் ஊரில் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் கொண்டுவந்த விதிப்படி, விற்ற பொருளில் குறை இருந்தால் விற்றவர் இரண்டு வருடம் பொறுப்பு. கம்பெனி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் இது போகாது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் கைப்பிடியில், தொடாமலே குச்சி நகர்கிற கோளாறு பெரிய புகாரானது. அமெரிக்காவில் செட்டுக்கு 12 மாதம், தனியாக வாங்கும் கைப்பிடிக்கு மூன்று மாதம் வாரண்டி. 2019-ல் அங்கே வழக்குகள் எழுந்தன. 2023-ல் நின்டெண்டோ ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இந்தக் கோளாறை வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

திருகாணிமேல் ஒட்டிய "பிரித்தால் வாரண்டி இல்லை" ஸ்டிக்கரையும் சொல்ல வேண்டும். ஒரு சர்வீஸ் சென்டரில், தூசி தட்டத் திறந்த செட்டை, சீல் கிழிந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018 ஏப்ரலில் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட ஆறு கம்பெனிகளுக்கு, வேறிடத்தில் ரிப்பேர் செய்தால் வாரண்டி போகும் என்று மிரட்டும் வாசகங்கள் 1975-ஆம் வருடச் சட்டத்துக்கு விரோதம் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நம் பக்கம் 90-களில் விற்ற போலி டிவி கேம் செட்டுகளுக்கு, கடை வாசலைத் தாண்டினால் எந்தப் பொறுப்பும் கிடையாது. இன்று நிலைமை அப்படியில்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனவே பில் வாங்காமல் செட் வாங்காதீர்கள். வெப்பத்தாளில் அச்சான பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் செட்டுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலில் கேளுங்கள். அட்டையின் தேதி முடிந்துவிட்டது என்று சொன்னவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள்; எழுத்தில் புகார் கொடுங்கள். கம்பெனிகள் அந்தத் தேதியை நீட்டியது, இப்படி விடாமல் கேட்டவர்களால்தான்.