மகனைக் களத்தில் விட்ட தாய்

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தெற்கே செல்லும் நாம், பாஞ்சாலங்குறிச்சி என்றதும் பீரங்கிகளையே நினைக்கிறோம். அங்கு நடந்தது உடன்பிறந்தார் போரும்கூட என்பதை மறந்துவிடுகிறோம்.

1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார் அவரது கோட்டையைத் தரைமட்டமாக்கினர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, சில நாட்களிலேயே அதை மண்ணால் மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் பீரங்கிகள் முழங்கியும் படையினர் உள்ளே நுழைய இயலவில்லை. வேலும் ஈட்டியும் தடுத்தன. கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளுடன் வந்தபின், மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. பீரங்கி அந்நியருடையது, ஆனால் அதன் பின்னே அணிவகுத்த சிப்பாய்கள் இந்நாட்டினர். அண்டைப் பாளையமான எட்டயபுரமும் கும்பினியின் பக்கமே நின்றது.

போரில் பங்கேற்ற ஆங்கில அதிகாரி வெல்ஷ் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். களத்தில் மகனைத் தேடி வந்த தாயிடம், குற்றுயிராய்க் கிடந்த அவன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். தாய் அவ்வாறே செய்தாள். எட்டயபுரத்து வீரர்கள் நெருங்கியபோது, வைசூரியில் இறந்த பிள்ளை என்று கூறவே, அவர்கள் அஞ்சி விலகினர். அவ்வாண்டு நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார்.

சிலுவையடியில் நின்ற அன்னையிடமும், உயிர்விடும் மகன் வேறொருவரையே மகனாக ஒப்படைத்தார். சாதியின் பெயரால் இன்றும் ஊருக்குள் மதில் எழுப்பும் நாம், அடுத்தவர் பிள்ளையைத் தோளில் சுமப்பது எப்போது?