பியர், வார்ஃப், குவே: ஒரு பெயர்க் குழப்பமும் மெரினா மணலும்

மெட்ராஸ் துறைமுகத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த புதிதில், பியர், வார்ஃப், குவே, ஜெட்டி, பிரேக்வாட்டர் எல்லாவற்றையும் குறிப்பில் 'துறை' என்றே எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எதை எப்போது கட்டினார்கள் என்று எனக்கே புரியவில்லை. வேறு வேறு வேலை செய்யும் நாலு ஃபங்ஷனுக்கு ஒரே பெயர் வைத்த மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்து பிரித்து எழுதியபோதுதான், இது வெறும் சொல் விஷயம் இல்லை என்று தெரிந்தது.

முதலில் பெயர்களை முடித்துவிடலாம்.

குவே: கரையை ஒட்டி, கரைக்கு இணையாக எழுப்பும் கெட்டியான சுவர். பின்பக்கம் மண் நிரப்பியிருக்கும். கப்பல் அதன் பக்கத்தில் வந்து அணைந்து நிற்கும். (உச்சரிப்பு 'கீ' என்பதே சரி. எழுத்தைப் பார்த்து 'குவே' என்று படித்தே பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

வார்ஃப்: வேலை அதேதான். ஆனால் பெரும்பாலும் தூண்கள் மேல் நிற்கும் தளம். பேச்சில் இதுவும் குவேயும் கலந்துதான் வரும்.

பியர்: கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் நீளுவது. தூண்கள் மேல் நிற்பதால் அடியில் தண்ணீர் தன்பாட்டுக்குப் போய் வரும். புதுச்சேரியில் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊரில் இதைப் பாலம் என்றே சொல்கிறோம்.

ஜெட்டி: இது ஊருக்கு ஊர் மாறும். இங்கே படகுத்துறை. அமெரிக்காவில் ஆற்று முகத்துவாரத்தில் கட்டும் கல் சுவருக்கும் அதே பெயர்.

பிரேக்வாட்டர்: முக்கிய வேலை சரக்கு இறக்குவது இல்லை, அலையைத் தடுப்பது. அதன் சின்னத் தம்பிதான் மீனவக் கிராமங்களில் தூண்டில் வளைவு என்கிறார்களே, அது. அதன் வேலை மணலைப் பிடித்து வைப்பது.

இவற்றில் எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடியில் தண்ணீரும் மணலும் போகுமா, போகாதா?

இந்தக் கேள்வியோடு மெட்ராஸுக்கு வருவோம். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒரு பெரிய நகரத்தின் வியாபாரம் இப்படித்தான் நடந்தது.

1861-ல் பியர் வந்தது. திருகாணி மாதிரி மணலில் முறுக்கி இறக்கிய இரும்புத் தூண்கள், மேலே தளம், நீளம் ஏறக்குறைய 1,100 அடி. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பியர் அலையைத் தடுக்காது. 1868-லும் 1872-லும் வந்த புயல்கள் அதை உடைத்துப் போட்டன.

அடுத்து, அலையையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார், மறு வருஷம் வேலை தொடங்கியது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கைகள் மாதிரி பிரேக்வாட்டர்கள், நடுவில் கிழக்கே பார்த்த வாசல். முடியப்போகும் சமயத்தில் 1881 நவம்பர் புயல் அரை மைலுக்கு மேல் சுவரைச் சாய்த்தது. மறுபடி கட்டினார்கள்.

புயலை எல்லாரும் பார்த்தார்கள். மணல்தான் சத்தமில்லாமல் வேலை செய்தது. நம்ம கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறினாலும் மொத்தக் கணக்கில் வடக்குதான் ஜெயிக்கும். பியர் நின்றபோது மணல் தூண்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கல் சுவர் வந்ததும் அதன் தெற்கே தங்கிவிட்டது. ஒரு காலத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்த கடல் பின்வாங்கியது. மெரினாவின் இன்றைய அகலம் பெரும்பாலும் அந்தச் சுவர் கொடுத்தது.

பியரும் அதே கரைதான், சுவரும் அதே கரைதான். பதினைந்து வருஷ இடைவெளியில் இரண்டு சோதனை, இரண்டு வேறு விடை. என் குறிப்பில் இரண்டுமே 'துறை' என்று இருந்தவரை எனக்கு இது தெரியவே இல்லை.

சுவர் கட்டியும் உள்ளே தண்ணீர் அடங்கவில்லை. கிழக்கு வாசல் வழியாக அலை நேராக உள்ளே வந்தது, மணலும் வந்தது. 1904-ல் பொறுப்பேற்ற சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார்கள். (ராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்த போர்ட் டிரஸ்டின் தலைவர் இதே ஸ்பிரிங்தான்.) குவே முழுப் பயன் தர அமைதியான தண்ணீர் வேண்டும். ஆடும் கப்பலைச் சுவரில் அணைத்தால் இரண்டும் அடிபடும். 1920 முடிவதற்குள் மேற்குக் குவேயில் 4 பெர்த், கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று என்று தயாராகிவிட்டன. முதல் பியரிலிருந்து அதுவரை ஏறக்குறைய 60 வருஷம்.

மெரினாவில் தங்கிய மணல் வேறு யாருக்கோ போக வேண்டியது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கம்வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்றைக்கும் அங்கே கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவு கட்டித்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள். அந்த வளைவுகளும் சுவர்தான். தெற்குப் பக்கம் மணலைப் பிடிக்கும், வடக்குப் பக்கத்து ஊருக்குக் குறையும். அந்த ஊர்க்காரர் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அதனால் 'கடலில் ஒரு துறை கட்டப் போகிறோம்' என்று எந்தச் செய்தி வந்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். தூணா, சுவரா? சுவர் என்றால், அதற்கு வடக்கே எந்த ஊர் இருக்கிறது?